விலையும் நாணயமும்

தொழில் செய்து பொருளீட்டப் புகுவான் ஒருவனுக்கு முதன்முதல் எதிர்ப்படும் வினாக்கள் இரண்டு. செய்யும் பணிக்கு யாது விலை கூறுவது என்பது ஒன்று. அவ்விலையைப் பிறர் மனமுவந்து கொடுக்குமாறு தன் பெயரை நிலைநிறுத்துவது எங்ஙனம் என்பது மற்றொன்று. முன்னது கணக்கைச் சார்ந்தது, பின்னது ஒழுக்கத்தைச் சார்ந்தது என்று பலரும் எண்ணுவர். யாமும் அங்ஙனமே எண்ணியிருந்தோம். ஆயின் அவ்விரண்டும் தம்முள் வேறல்ல என்பதைச் சில ஆண்டுப் பட்டறை வாழ்வு எமக்கு அறிவுறுத்திற்று. நாணயம் என்னும் சொல் நம் மொழியிற் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறித்தல் வியப்பன்று.

நம் கல்லூரி ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஏதேனும் எழுதுமாறு அதன் ஆசிரியர் எம்மைப் பணித்தபோது, புலவரும் பேராசிரியரும் எழுதும் ஏட்டில் இரும்பு வெட்டிப் பிழைப்பார்க்கு யாது வேலை என்று முதலில் ஐயுற்றோம். எனினும், இவ்வாண்டு பட்டம் பெற்று வெளிச்செல்லும் மாணவருட் சிலரேனும் பிறர்பால் ஊழியம் தேடாது தாமே ஒரு தொழில் தொடங்க விழைவர். அவர்க்கு எம் வெற்றிகள் பயன்படாவாயினும் எம் பிழைகள் பயன்படும் என்று துணிந்து இதனை எழுதலானோம்.

யாம் என்றது இருவரை. இக்கல்லூரி விடுதியில் ஓர் அறையில் மூன்றாண்டு உடனுறைந்து கற்றோம். ஒருவர் இயற்பியல் பயின்றார். மற்றவர் வணிகவியல் பயின்றார். கல்லூரி விட்டபின் ஒருவர் பற்றவைப்புப் பட்டறை ஒன்றிலும், மற்றவர் இரும்புக் கடை ஒன்றிலும் ஆறாண்டு ஊழியம் புரிந்தோம். பின்னர் 2018ஆம் ஆண்டில், திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே தஞ்சைச் சாலையில் உள்ள துவாக்குடியில் தகரக் கூரையிட்ட கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, எமக்கென ஒரு பட்டறை திறந்தோம்.

துவாக்குடியைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை 1965ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு உறுப்புகள் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் பலப்பல அதனைச் சூழ எழுந்தன. 1975ஆம் ஆண்டில் அந்நிறுவனமே பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்றையும் அங்கு நிறுவியது. ஆதலின் இரும்பை அளக்கவும் வெட்டவும் வளைக்கவும் பற்றவைக்கவும் கற்ற கைகள் இவ்வூரில் தலைமுறை தலைமுறையாக உள்ளன. ஆயினும் 2010ஆம் ஆண்டுக்குப் பின்வந்த ஆண்டுகளில் அனல்மின் நிலையங்களுக்கான ஆணைகள் அருகியபோது, ஒரே நிறுவனத்தை நம்பியிருந்த சிறு பட்டறைகளுட் பல வேலையின்றி வாடின. அதனைக் கண்கூடாகக் கண்ட யாம், ஒருவரையே நம்பாது, வருவார் கேட்பதைக் கேட்டவாறு செய்து தரும் பட்டறையாக எமதை அமைப்பதெனத் தீர்மானித்தோம். வாயிற்கதவு, மாடிப்படி, கொட்டகைக் கூரை, சிற்றுண்டிச் சாலைக்கு மேசை, ஆலைக்கு இயந்திரந் தாங்கும் சட்டம் முதலிய எதுவாயினும் சரி என்று பலகையில் எழுதி வைத்தோம். இரண்டு வெல்டிங் இயந்திரம், ஒரு வெட்டும் இயந்திரம், துளையிடும் கருவி ஒன்று, கிரைண்டர் மூன்று, தொழிலாளர் இருவர் ஆகிய இவையே எம் முதல்.

இனி எம் முதற் பிழையைக் கூறுவோம்.

இரும்பு வேலைக்கு விலை கூறும் வழக்கம் இந்நாட்டிற் பெரும்பாலும் எடையைப் பற்றியது. கிலோ ஒன்றுக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டால் கேட்பார்க்கும் எளிது, சொல்வார்க்கும் எளிது. எடையறிதலும் அரிதன்று. ஒரு சதுர மீட்டர்ப் பரப்பும் ஒரு மில்லிமீட்டர்க் கனமும் உடைய இரும்புத் தகடு 7.85 கிலோ நிற்கும். உருண்டைக் கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரிற் கொண்டு, அதனை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிடைக்கும். 12 மில்லிமீட்டர்க் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ. இவ்வாய்பாடுகளைக் கையில் வைத்துக்கொண்டு, அண்டை அயலார் சொல்லும் விலையைக் கேட்டறிந்து, யாமும் கிலோவுக்கு ரூ. 90 என்று சொல்லத் தொடங்கினோம். அன்று எமக்கு இரும்பின் விலை கிலோ ரூ. 52. எஞ்சும் ரூ. 38 எமக்கே உரியது என்று மகிழ்ந்தோம்.

இரண்டாம் மாதத்தில் ஒரு வீட்டார் சுருள் மாடிப்படி ஒன்று வேண்டுமென வந்தனர். கடினமான வேலையாயிற்றே என்று ஐந்து ரூபாய் கூட்டி, கிலோவுக்கு ரூ. 95 என்றோம். படியின் எடை 240 கிலோ. ஆகவே விலை ரூ. 22,800. இரும்புக்கு ரூ. 12,480 போயிற்று. எஞ்சியது ரூ. 10,320. ஆனால் படிகள் ஒவ்வொன்றையும் நடுத்தூணில் ஒரே கோணத்திற் பொருத்தவும், கைப்பிடிக் குழாயைத் திருகி வளைக்கவும் தொழிலாளர் இருவருக்கும் பதினொரு நாள் பிடித்தது. நாட்கூலி ரூ. 700 வீதம் அவர்க்கு அளித்தது ரூ. 15,400. கொட்டகை வாடகையும் மின்சாரமும் கணக்கிடாமலே ரூ. 5,080 கைநட்டம். வீட்டாரோ படியைக் கண்டு பெரிதும் மகிழ்ந்து, தம் உறவினர் இருவர்க்கும் அத்தகைய படியே வேண்டும் என்று அழைத்து வந்தனர். புகழ் வந்ததற்கு மகிழ்வதா, நட்டம் மும்மடங்காவதற்கு அஞ்சுவதா என்று தெரியாது விழித்தோம்.

அக்காலத்தில் எமக்கு வாய்த்த துணை ஒரு முதியவர். பெரிய தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டிற்கு மேல் பற்றவைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிற் சும்மா இருக்க மனமின்றி நாள்தோறும் காலையில் எம் பட்டறைக்கு வந்து அமர்வார். யாம் அவரை ஐயா என்போம். அவர் எம்மைத் தம்பி என்பார். சுருள்படிக் கதையைக் கேட்டு அவர் சிரித்தார். "தம்பி, இரும்புதான் எடைக்கு வரும், வேலை எடைக்கு வராது. எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்று வினவினார். யாம் எழுதி வைக்கவில்லை.

அன்று தொடங்கி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள் வைத்தோம். வெட்டுதல், வளைத்தல், பொருத்துதல், பற்றவைத்தல், கிரைண்டர் பிடித்தல், வண்ணம் பூசுதல், கொண்டுபோய் நிறுத்துதல் ஆகிய ஒவ்வொன்றிற்கும் செலவான நேரத்தைக் குறித்தோம். மூன்று மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது எம் கண் திறந்தது.

கனத்த உத்திரங்களால் ஆகிய கொட்டகைத் தூண்கள் 600 கிலோ எடையுள்ளவை, இருவர் கையில் இரண்டு நாளில் முடிந்தன. சுருள்படியோ 240 கிலோவுக்குப் பதினொரு நாளை விழுங்கிற்று. இரண்டிற்கும் கிலோ விலை ஏறக்குறைய ஒன்றே! இதனால் விளைந்த தீமை இருவகைத்து. தூண் போன்ற எளிய பணிகளுக்கு எம் விலை மிகுதியாகையால் அவற்றை வேண்டினோர் வேறு பட்டறைக்குச் சென்றனர். சுருள்படி போன்ற அரிய பணிகளுக்கு எம் விலை குறைவாகையால் அவற்றை வேண்டினோர் அனைவரும் எம்மிடமே வந்தனர். ஊதியம் தரும் பணி நீங்கவும், நட்டம் தரும் பணி நெருங்கவும் யாமே வழி செய்து வைத்திருந்தோம். வாயிலில் கூட்டம் இருந்தும் பெட்டியிற் காசில்லாமை ஏன் என்னும் புதிர் அன்று விடுபட்டது.

பின்னர் எம்முள் வணிகவியல் கற்றவர் ஒரு மணி நேரத்தின் விலையைக் கணக்கிட்டார். அக்கணக்கை மாணவர் அறிதல் நலம். மாதத்தில் வேலைநாள் 26. தொழிலாளர் இருவர்க்குக் கூலி ரூ. 36,400. வாடகை ரூ. 12,000. மின்சாரம் ரூ. 6,000. பற்றவைப்புக் குச்சி, கிரைண்டர் வட்டு, கருவித் தேய்மானம் ஆகியவற்றிற்கு ரூ. 8,000. வங்கிக் கடனுக்கு ரூ. 7,600. எம் இருவர் ஊதியம் தலைக்கு ரூ. 15,000 வீதம் ரூ. 30,000. ஆக மாதச் செலவு ரூ. 1,00,000. யாம் அளந்தும், வரைந்தும், பொருள் வாங்கியும், ஆணை தேடியும் அலைவோமாதலின், பொருள் உருவாவது தொழிலாளர் இருவர் கையிலேயே. நாளொன்றுக்கு எட்டு மணி வீதம் ஒருவருக்கு மாதம் 208 மணி. அம்மணிகள் யாவும் பொருளாக மாறுவனவல்ல. இரும்பு இறக்குதல், இடம் பெருக்குதல், மின்சாரம் தடைப்படுதல், அடுத்த வேலை வரும்வரை காத்திருத்தல் ஆகியவற்றிற் கழிவன பல. எம் தாள்களின்படி ஐந்தில் மூன்று பங்கே பயன்பட்டது; அஃதாவது ஒருவருக்கு 125 மணி, இருவர்க்கு 250 மணி. ஓரிலட்சத்தை 250ஆல் வகுக்க, ஒரு மணிக்கு ரூ. 400 என்றாயிற்று.

இத்தொகையைக் கண்டு யாம் திகைத்தோம். நாட்கூலி ரூ. 700 என்றால் மணிக்கு ஏறக்குறைய ரூ. 88 தானே என்று அதுகாறும் எண்ணியிருந்தோம். எம் சொந்த ஊதியத்தை யாம் கணக்கிற் சேர்த்ததேயில்லை. புதிதாகத் தொழில் தொடங்குவோர் பெரும்பாலோர் செய்யும் பிழை இதுவே. தம் உழைப்பை இலவசமாக அளித்துவிட்டு, அதனால் விலை குறைவாயிருத்தலைத் தம் திறமை என்று மயங்குகின்றனர்.

இம்முறைப்படி சுருள்படியின் 176 மணியையும் கணக்கிட்டால் விலை மிக உயரும். அஃது முறையன்று என்று முதியவர் தடுத்தார். "பாதி நேரம் நீங்கள் கற்றுக்கொண்ட நேரம். உங்கள் பள்ளிக்கூடச் சம்பளத்தை வீட்டுக்காரர் ஏன் கட்ட வேண்டும்?" என்றார். நியாயமே. தேர்ந்தவர்க்கு ஆகும் 88 மணியைக் கொண்டால் வேலைக்கு ரூ. 35,200, இரும்பு ரூ. 12,480; கூட்ட ரூ. 47,680. ஊதியம் ஒரு காசும் வையாத அவ்வடக்க விலையிற் பாதியும் யாம் பெறவில்லை. அடுத்துவந்த உறவினர் இருவர்க்கும் கணக்கைக் காட்டி உண்மை விலையைக் கூறினோம். ஒருவர் சென்றுவிட்டார், ஒருவர் தங்கினார். அத்தங்கிய ஒருவரால் அம்மாதத்து வாடகையைத் தவணை தவறாது கட்டினோம்.

அடக்க விலையின்மேல் வைக்கும் ஊதியத்தைப் பற்றியும் ஒரு சொல். அடக்கம் ரூ. 80 ஆகும் பொருளுக்கு நூற்றுக்கு இருபத்தைந்து கூட்டினால் விலை ரூ. 100. அவ்விலையில் ஊதியம் ரூ. 20, அஃதாவது விலையில் ஐந்தில் ஒரு பங்கேயன்றி நாலில் ஒரு பங்கன்று. விலையில் நாலில் ஒரு பங்கு வேண்டுவோர் அடக்கத்தின்மேல் மூன்றில் ஒரு பங்கு கூட்டல் வேண்டும். மேலும், பேரம் பேசுவார்க்கு இரங்கி நூற்றுக்குப் பத்துக் குறைத்தால், ரூ. 20 ஊதியம் ரூ. 10 ஆகும். பத்தில் ஒரு பங்கு விட்டுக்கொடுத்தோம் என்று நாவு சொல்லும். பாதியை விட்டுக்கொடுத்தோம் என்று கணக்கு சொல்லும். இவ்வுண்மையை அறிந்தும் யாம் ஒருமுறை தவறினோம். அத்தவறு காசோடு நின்றுவிடவில்லை என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

விலையை வாயாற் சொல்வதினும் தாளில் எழுதிக் கொடுத்தல் சிறந்தது. அத்தாளில் இன்ன அளவு, இன்ன கனம், இன்ன வண்ணம் என்று படத்தோடு வரைந்து இருதிறத்தாரும் கையொப்பமிடல் வேண்டும். இடையில் அவர் மனம் மாறி வேறொன்று விழைந்தால் அது கூடுதல் வேலை. அதற்கு வேறு விலை. 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொட்டு நடைமுறையில் உள்ள பொருள் சேவை வரி விலையில் அடங்குமா, அடங்காதா என்பதையும் எழுதல் வேண்டும். இரும்புக் கட்டுமானங்களுக்கு அவ்வரி நூற்றுக்குப் பதினெட்டு ஆகையால், அவ்வொரு சொல் விடுபடின் ஊதியம் அனைத்தும் வரியாகவே போய்விடும்.

மற்றொன்று, அவ்விலை எந்நாள்வரை செல்லும் என்பது. 2020ஆம் ஆண்டு அக்டோபரில் ஒருவர்க்குக் கொட்டகைக் கூரை ஒன்றிற்கு விலை எழுதிக் கொடுத்தோம். நாள் எல்லை குறிக்கவில்லை. அவர் 2021 ஜனவரியில் அத்தாளோடு வந்து, "வேலையைத் தொடங்குங்கள்" என்றார். அதற்குள் எம் கடைக்காரர் இரும்பு விலையைக் கிலோவுக்குப் பத்து ரூபாய் உயர்த்திவிட்டார். கூரையோ 1,400 கிலோ. மறுத்தால் யாரும் எம்மைக் குறை கூறியிரார். ஆயினும் எழுதிய கை எம்முடையது. எல்லை குறியாத பிழையும் எம்முடையது. ரூ. 14,000 நட்டத்தை ஏற்றுச் செய்து முடித்தோம். அதுமுதல் எம் தாள்களில், "இவ்விலை பதினைந்து நாள்வரை" என்னும் வரி உண்டு. எஃகு விலை மேலும் ஏறவே, இந்திய அரசு 2022ஆம் ஆண்டு மே மாதம் எஃகு ஏற்றுமதிக்கு வரி விதித்ததும், அவ்வாண்டு நவம்பரில் அதனை நீக்கியதும் பலர் அறிவர். அக்காலத்தில் அவ்வொரு வரி எம் பட்டறையைக் காத்தது.

இனிப் பெயரைப் பற்றிய நிகழ்ச்சி. அஃது 2019ஆம் ஆண்டில் நடந்தது. ஒரு பெரியவர் தம் வீட்டுப் பின்புறத்தில் ஆயிரம் லிட்டர்த் தொட்டிகள் இரண்டினைத் தாங்கப் பதினைந்தடி உயர இரும்புத் தாங்கி ஒன்று வேண்டுமென்றார். யாம் சொன்ன விலையை மிகுதி என்றார். அம்மாதம் வேலை அருகியிருந்தது. கடன் தவணையும் நெருங்கிற்று. ஆகவே நூற்றுக்குப் பத்துக் குறைத்தோம். எட்டு நாள் வேண்டிய வேலையை ஐந்து நாளில் முடிப்பதாகவும் வாக்களித்தோம். வாக்கைக் காக்கத் தொழிலாளரை விரைவுபடுத்தினோம். அவருள் ஒருவன் வேலைக்குப் புதியவன். ஐந்தாம் நாள் தாங்கி நிறுத்தப்பட்டது, தொட்டிகள் ஏற்றப்பட்டன, எம் பணமும் வந்தது.

மூன்றாம் நாள் மாலை முதியவர் குச்சிப் பெட்டியை எண்ணிக்கொண்டிருந்தார். குச்சி ஒன்று எரிந்தால் ஏறக்குறைய ஒரு சாண் பற்று ஓடும் என்பது அவர் கைக்கணக்கு. அத்தாங்கியின் மூட்டுகளை எண்ணி, அதற்கு 190 குச்சியாவது ஆகியிருக்கவேண்டும் என்றார். ஆனது 130. "அறுபது குச்சி மிச்சம், தம்பி. மிச்சம் பிடித்தது யார்?" என்று கேட்டார். புதியவனை அழைத்து வினவினோம். குறுக்குச் சட்டங்களின் முனைகளுட் சிலவற்றை முழுதும் பற்றவையாது, புள்ளி வைத்து நிறுத்தி, நேரமின்மையால் அப்படியே வண்ணம் பூசிவிட்டதாக அவன் அழுதுகொண்டே கூறினான். அவனை வைவதற்கு எமக்கு வாய் எழவில்லை. மூன்று நாளைப் பறித்தவர் யாமே அன்றோ!

அன்றிரவு எம்முள் வாதம் நிகழ்ந்தது. முதன்மையான கால்களின் மூட்டுகள் செம்மையாகவே உள்ளன, குறுக்குச் சட்டங்கள் துணையுறுப்புகளே, ஒன்றும் நேராது என்றார் ஒருவர். தொட்டிகள் நிறைந்தால் நீரின் எடை மட்டும் 2,000 கிலோ. காற்று வீசுங்கால் தாங்கி சாயாது காப்பவை அக்குறுக்குச் சட்டங்களே. அதனடியிற் குழந்தைகள் விளையாடுகின்றனர் என்றார் மற்றவர். அங்ஙனமாயின், வண்ணம் ஒருமுறை கூடப் பூச வந்தோம் என்று சொல்லிச் சென்று, ஓசையின்றிப் பற்றவைத்துவிட்டு வருவோம் என்றார் முன்னவர். இவ்விருவருள் யார் எவர் என்பதை ஈண்டுக் கூறாது விடுகின்றோம். வேறொரு நாளாயின் இருவரும் இடம் மாறி வாதாடியிருப்போம். முதியவர் மட்டும், "பொய் சொல்லிப் போனால் அங்கே வேலை செய்யும் கொத்தனார் கண்ணுக்கு எல்லாம் தெரியும். உள்ளதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு வீடு சென்றார்.

மறுநாட் காலையில் அப்பெரியவர் வீட்டிற்குச் சென்று, "ஐயா, எங்கள் வேலையில் குறை இருக்கிறது, தொட்டியில் தண்ணீர் ஏற்றாதீர்கள், இன்றே சரிசெய்து தருகிறோம்" என்றோம். அவர் கொண்ட சினத்தை எழுதல் வேண்டா. கேட்கத்தக்க சொல்லும் கேட்கத்தகாத சொல்லும் கேட்டோம். பின்னர், தொட்டிகளிற் பொறி தெறியாதவாறு ஈரச் சாக்குகளைப் போர்த்து, ஒன்பது முனைகளையும் சுரண்டி முழுதும் பற்றவைத்து, எஞ்சிய மூட்டுகள் அனைத்தையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, மாலையில் வண்ணம் பூசி முடித்தோம். இருவருக்கு ஒருநாள் முழுதும் ஆயிற்று. எம் கணக்கின்படி ரூ. 6,400. அவ்வேலையில் எமக்கு எஞ்சியிருந்த ஊதியத்தினும் அது மிகுதி. பெரியவர் இறுதிவரை நன்றி கூறவில்லை. "இனி உங்கள் பட்டறைப் பக்கம் வரமாட்டேன்" என்றார்; அச்சொல்லை இன்றுவரை காத்தும் வருகிறார்.

நன்மை செய்தார்க்கு உடனே நன்மை விளைந்தது என்று முடியும் கதைகளைச் சிறுவயதிற் படித்திருந்த எமக்கு இது கசப்பாகவே இருந்தது. ஆயின் ஆறு மாதம் சென்றபின், அன்று அவ்வீட்டுச் சுற்றுச்சுவர்மீது நின்று யாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார் ஒரு வீட்டுக்காரரை எம்மிடம் அழைத்து வந்தார். ஓராண்டிற்குள் அவரால் எமக்கு வந்த பணிகள் ஏழு. எம்மை ஏன் நினைத்தீர் என்று ஒருநாள் அவரை வினவினோம். "தப்பு நடக்காத பட்டறை எது, தம்பி? தப்பு நடந்தது என்று தானாக வந்து சொன்ன பட்டறையைத்தான் நான் பார்த்ததில்லை" என்றார். அவர் அழைத்து வந்தவருள் ஒருவரும் எம்மிடம் பேரம் பேசவில்லை என்பதையும் குறிக்க வேண்டும்.

இந்நிகழ்ச்சியால் யாம் உணர்ந்தவை இரண்டு. ஒன்று, ஒரு பட்டறையின் பெயரைச் சுமந்து செல்பவர் எப்பொழுதும் பணம் கொடுத்தவரே அல்லர். வேலை நடக்கும்போது அருகில் நின்றவர் பலர். கொத்தனார், தச்சர், மின்பணியாளர், இரும்புக் கடைக்காரர், பொருளேற்றும் வண்டிக்காரர் ஆகிய இவரெல்லாம் நம்மை நாளும் எடைபோடுகின்றனர். கடைக்காரர்க்குத் தவணை தவறாது பணம் செலுத்தினால் அவரும் நம் பெயரை நான்கு பேரிடம் சொல்வார். மற்றொன்று, அன்று பற்றில் வெளிப்பட்ட குறை உண்மையில் விலையிற் பிறந்தது. தாங்க இயலாத விலைக்கு ஒப்பினோம். ஆதலால் நாளைக் குறைத்தோம். ஆதலால் பற்றுக் குறைந்தது. நேர்மையாகச் செய்ய இயலாத விலையைக் கூறுபவன் அக்கணமே நேர்மையிற் பாதியை விற்றுவிடுகிறான். குறைந்த விலையாற் பெயர் வாங்கலாம் என்பது புதியவர்க்கு இயல்பாகத் தோன்றும் எண்ணம். அதனாற் கிடைக்கும் பெயர் "மலிவு" என்பதே. மலிவை நாடி வந்தவர் அதனினும் மலிவு கண்டவிடத்துச் செல்வர். பெயரோ நம்மைவிட்டுப் போகாது.

வேண்டா என்று மறுத்தலும் பெயரை வளர்க்கும். ஓர் உணவு விடுதியார் ஆவியிற் சமைக்க அழுத்தக் கொதிகலன் ஒன்று செய்து தருமாறு பெருந்தொகை கூறி அழைத்தார். கொதிகலன்களைக் குறித்த சட்டம் 1923ஆம் ஆண்டுமுதல் நம் நாட்டில் உண்டு. சோதனையும் பதிவும் இன்றி அதனைச் செய்வது குற்றம். வெடித்தால் உயிர்ச்சேதம். எமக்கு அவ்வுரிமையும் அத்தேர்ச்சியும் இல்லை என்று கூறி, உரிமை பெற்றாரை நாடுமாறு சொல்லி அனுப்பினோம். அவர் அடுத்த மாதமே தம் விடுதிக்குரிய மேசைகளையும் அடுப்புத் தாங்கிகளையும் எம்மிடம் செய்வித்தார். இயலாததை இயலாது என்றவர், இயலும் என்றதைச் செய்வர் என்று அவர் கருதியிருக்கலாம்.

பணம் தாழ்த்துவாரைப் பற்றியும் சிறிது. சிறு தொழில்களுக்குரிய 2006ஆம் ஆண்டுச் சட்டம், பொருளை ஏற்றவர் நாற்பத்தைந்து நாளைக்கு மேற்படாது பணம் செலுத்த வேண்டும் என்கிறது. தாழ்த்தினால் வட்டியும் உண்டு. சட்டம் நன்றே. ஆயினும் வாடிக்கையாளர்மீது வழக்குத் தொடுத்து வாழ்ந்த பட்டறையை யாம் கண்டதில்லை. ஒரு நிறுவனம் எமக்கு எட்டு மாதம் பணம் தாழ்த்தியது. அதற்குப்பின், பாதித் தொகையை முன்பணமாகப் பெறாது இரும்பை வெட்டுவதில்லை என்று முடிவு செய்தோம். முன்பணம் கேட்க நாணுவது தவறு. நம் கையிலிருந்து இரும்பு வாங்கிக் கொடுப்பவன் தொழிலாளி அல்லன். வட்டியின்றிக் கடன் கொடுப்பவன்.

மாணவ நண்பர்களே! இவற்றையெல்லாம் கற்க எமக்கு ஆண்டுகள் பல ஆயின, பணமும் செலவாயிற்று. வகுப்பறையில் யாம் கற்ற பெருக்கலும் வகுத்தலுமே இக்கணக்குகளுக்குப் போதும். ஆயின் அவற்றை நமக்கே எதிராகவும் துணிந்து பயன்படுத்தும் உள்ளம் வேண்டும். எத்தனை மணி ஆயிற்று என்று உண்மையை எழுதுக. உங்கள் ஊதியத்தையும் சேர்த்து எழுதுக. செய்ய இயலும் நாளையே சொல்லுக. குறை கண்டால் பிறர் காணுமுன் சென்று கூறுக.

எம் பட்டறையில் இன்று தொழிலாளர் எழுவர் உளர். அன்று அழுத புதியவனே இன்று அவர்க்குத் தலைவன். முதியவர்க்குக் கண்பார்வை மங்கிவிட்டமையால் இப்போது வருவதில்லை. ஒவ்வொரு வேலை முடிந்தபின்னும் குச்சிப் பெட்டியை எண்ணி ஏட்டிற் குறிப்பவன் அத்தலைவனே. எண்ணிக்கை குறைந்திருந்தால் அன்று பொருள் எம் வாயிலைத் தாண்டுவதில்லை.